மோட்டார் ரூம் சுவரில் இரண்டு கோடு

செஞ்சியில் மற்றவர்களுக்கெல்லாம் நாள் பார்க்கக் காலண்டர் இருக்கிறது. நீலாவதிக்கு ஒரு சுவர் இருக்கிறது. சாயங்காலமானால் ராஜகிரி மலையின் நிழல் வந்து படுக்கிற தூரத்தில் அவர்கள் நிலம். சற்றுத் தள்ளிக் கிணறு, கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். அந்த ரூமின் வெளிச்சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடும். அடுத்தது சிவப்பு என்றால் நாளைக்குக் கிணறு அவள் புருஷனுடைய அண்ணன் வீட்டுக்கு. நீலம் என்றால் அவள் வீட்டுக்கு. "நாளைக்கி மல்லாட்டைக்குத் தண்ணி கட்ட வரட்டுமாக்கா?" என்று யாராவது கேட்டால், "இரு, செவுத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்வதற்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுவரைப் பார்த்துத் தண்ணீர் கட்டும் குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு வாக்கப்பட்டதுதான் அவள் தலையெழுத்து.

நீலாவதி பிறந்தது தொண்டூரில். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். தலை வாரிப் பின்னியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது, வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாமே அக்கா ராஜம்மாள்தான். அக்காவைச் செஞ்சியில் செல்லப்பனுக்குக் கொடுத்தார்கள். அக்கா சும்மா இருக்கவில்லை. மாமியாரைக் கரைத்து, மாமனாரைக் கரைத்து, கொழுந்தன் பாண்டுரங்கனுக்குத் தங்கையைக் கேட்க வைத்தாள். "ஒரே வூட்ல இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி ஆச்சுடி" என்றாள். தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மாமனார் இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் போனதும் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள், வீடும் ரெண்டாயிற்று. கிணற்றை மட்டும் பிரிக்க முடியாதே. நடுவில் சதுரமாக ஊர்க் களம் ஒன்று, நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் காய வைக்கிற இடம். களத்தின் ஒரு மூலையில் கிணறு. செல்லப்பன் நிலத்துக்கு வாய்க்கால் களத்தின் ஓரமாகவே அடுத்த மூலைக்குப் போய்விடும். பாண்டுரங்கன் நிலம் எதிர் மூலையில். அவருடைய வாய்க்கால் களத்தின் குறுக்கே மூலைக்கு மூலை போக வேண்டும். பைப் புதைக்கலாம் என்றால், இருக்கிற வாய்க்காலைத் தவிரக் களத்தைத் தோண்ட ஊர் விடாது. நீளமான வாய்க்கால் வழியிலேயே தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால், அந்த நீளத்துக்குத் தகுந்தபடி தம்பிக்கு நாள் கூட வேண்டும் என்பதை அண்ணனும் ஒப்புக்கொண்டார். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சொக்கலிங்கத்தைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓரம் அஞ்சுன்னா குறுக்கு ஏழு. பன்னெண்டு நாள்ல அண்ணனுக்கு அஞ்சு, தம்பிக்கு ஏழு. முடிஞ்சுது" என்றார். எல்லோரும் காப்பி குடித்தார்கள். அத்தோடு முடிந்திருந்தால் நீலாவதியும் மனுஷியாக இருந்திருப்பாள்.

ஆனால் பாண்டுரங்கன் வாலிபத்தில் சர்வேயர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். அளவு என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் நம்பமாட்டார். ராத்திரி முழுக்க போனில் கணக்குத் தட்டிவிட்டு, விடிந்ததும் சொக்கலிங்கம் கடை வாசலில் போய் நின்றார்.

"குறுக்கு ஏழு இல்ல மொதலாளி. ஏழுக்கு மேல கொஞ்சம் வருது."

"கொஞ்சம்னா?"

"வருஷத்துக்கு மேல ஒரு மாசம் போனா, எனக்கு ஒரு நாள் நஷ்டம்."

வருஷத்துக்கு ஒரு நாள்! அந்த ஒரு நாள் தண்ணீரில் இவர் என்ன, கல்லணையா கட்டப் போகிறார்? நீலாவதி அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் விஷயம் செல்லப்பன் காதுக்குப் போனதும் அவரும் முறுக்கிக்கொண்டார். அண்ணன் முரடு, தம்பி முரண்டு.

சொக்கலிங்கம் வியாபாரி, புத்தி வேகமாகப் போகும். கடையில் கிடந்த சின்னச் சதுர டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்தார். அதன் ஓர அளவுக்கு ஒரு மூங்கில் குச்சி, குறுக்கு அளவுக்கு இன்னொரு குச்சி வெட்டினார். "களமும் சதுரம், இதுவும் சதுரம். கணக்கு ஒண்ணுதான். தம்பிக்குக் குட்டைக் குச்சி, அண்ணனுக்கு நெட்டைக் குச்சி. மோட்டார் ரூம் செவுத்துல ஒரு ஆணி அடிச்சு, அதுலேர்ந்து அளந்துகினே போங்க. குச்சி முடியற எடத்துல கோடு போடுங்க. அண்ணன் செவப்பு, தம்பி நீலம். எந்தக் கோடு முன்னாடி வருதோ அன்னிக்கி அவன் நாள். அவனவன் நாள்ல அவனவன் அடுத்த கோட்டப் போட்டுட்டுப் போயிகினே இருங்க. யாரும் யார் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம்." குட்டைக் குச்சிக்காரனுக்குக் கோடு அடிக்கடி விழும், நெட்டைக் குச்சிக்காரனுக்குக் குறைவாக விழும். அளவு இம்மி பிசகாது. பாண்டுரங்கனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "ரெண்டு கோடும் ஒரே எடத்துல வுழுந்தா?"

"வுழுந்தா நல்லதாப் போச்சு" என்றார் சொக்கலிங்கம். "அன்னிக்கி ரெண்டு குடும்பமும் வந்து ஒண்ணா உக்காந்து பேசுங்க. இந்தக் குச்சி விளையாட்ட விட்டுட்டு ஒரு வழியா முடிச்சுக்குங்க. ஒரு மாசம், ரெண்டு மாசத்துல வுழாமலா பூடும்?"

பங்குனியில் கோடு போட ஆரம்பித்தார்கள். நாம, அவங்க, நாம, அவங்க, நாம, நாம, அவங்க. சரி, பிடிபட்டுவிட்டது என்று நீலாவதி விரல் விட்டு எண்ணி அடுத்த வாரத்துக்கு ஆள் சொல்லி வைத்தால், அந்த வாரம் வேறு மாதிரி வரும். அவர்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு நாள் வராது, இவளுக்குத் தொடர்ந்து மூன்று நாள் வராது. அதைத் தவிர அதில் எந்தத் தாளமும் கிடையாது. களை எடுக்க வருகிறவர்கள் கேலி செய்தார்கள். பூச்சி மருந்து அடிக்கிறவன் போனையே எடுப்பதில்லை. தொண்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓடி வந்தால் அன்றைக்குச் சிவப்பு. தண்ணீருக்காகப் பந்தியில் பாதியில் எழுந்து வந்தவள், வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

அக்கா தங்கை ரெண்டு பேரும் அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பொம்பளைகள் புத்திசாலிகள். "உன் நாள இன்னிக்கி எனக்குக் குடு, நாளைக்கி நான் தரேன்" என்று தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். சுவர் பாட்டுக்குச் சுவர், கிணறு பாட்டுக்குக் கிணறு. ஒரு நாள் சிவப்பு முறையில் பாண்டுரங்கன் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைச் செல்லப்பன் பார்த்துவிட்டார். தம்பி ஏமாற்றுகிறான் என்று அவர் கத்த, அண்ணன் பழி போடுகிறான் என்று இவர் கத்த, கடைசியில் குற்றம் ரெண்டு பொம்பளைகள் தலையில் வந்து விடிந்தது. கிணற்றடியிலேயே கற்பூரத்தை ஏற்றினார் செல்லப்பன்.

"கோடு ரெண்டும் ஒண்ணா சேர்ற வரைக்கும் ஒருத்திகிட்ட ஒருத்தி பேசமாட்டோம்னு ரெண்டு பேரும் அணைங்க."

பாண்டுரங்கன் தடுப்பார் என்று நீலாவதி திரும்பிப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு பேரும் கற்பூரத்தை அணைத்தார்கள். ரெண்டு மாதம்தானே என்று நீலாவதி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதன்பிறகு அக்காவைப் பார்ப்பதே இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. போன் செல்லப்பன் பையில். கிணற்றடியிலாவது பார்க்கலாம் என்றால், அவள் வரும் நாளில் இவள் இல்லை, இவள் வரும் நாளில் அவள் இல்லை. தன் நாளில் சுவிட்ச் பெட்டிமேல் ஒரு கொத்து கறிவேப்பிலை வைத்துவிட்டு வருவாள் நீலாவதி. அடுத்த முறை வந்து பார்த்தால் அது இருக்காது. கறிவேப்பிலை பேச்சில் சேராது அல்லவா.

புரட்டாசி வாக்கில் ஒரு காலை, நீலாவதி தன் கோட்டைப் போடக் குட்டைக் குச்சியை வைத்தாள். குச்சியின் நுனி நேராகப் போய்ச் சிவப்புக் கோட்டின்மேல் நின்றது. எடுத்து மறுபடி வைத்தாள். அதே இடம். "வாங்க! சீக்கிரம் வாங்க! சேந்துடுச்சி!" என்று அவள் போட்ட சத்தத்தில் களத்தில் நெல் கொத்திக்கொண்டிருந்த புறாவெல்லாம் கிளம்பின.

பாண்டுரங்கன் வந்தார். சொக்கலிங்கம் மொபெட்டில் வந்தார். செல்லப்பன், வாட்ச் ரிப்பேர் கடை கரீமிடம் ஒற்றைக்கண் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். களத்துக்கு அந்தப்பக்கம், வரப்பின்மேல் பச்சைப் புடவை ஒன்று தெரிந்தது. அக்காதான். இளைத்திருந்தாள். "நீ அங்கயே நில்லு" என்று செல்லப்பன் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

அண்ணனும் தம்பியும் சுவரோடு சுவராகக் குந்தினார்கள். டார்ச் ஒருவர் கையில், லென்ஸ் ஒருவர் கண்ணில். இப்படித் தலையும் தலையும் முட்ட அவர்கள் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று. நீலாவதி மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு நின்றாள்.

"எடம் இருக்குதுண்ணே" என்றார் பாண்டுரங்கன்.

"ஆமாண்டா. மயிரிழை இருக்குது. என்னுது முந்தி."

"உன்னுது முந்திதான். நாளைக்கி உனக்கு, நாளன்னிக்கி எனக்கு."

"அவ்ளோதான்."

கோடு போட ஆரம்பித்த பிறகு அண்ணன் தம்பி மனமொத்துச் சொன்ன ஒரே விஷயம், கோடு சேரவில்லை என்பதுதான். இதைச் சொல்ல ரெண்டு பேருக்கும் என்ன சந்தோஷம்! நீலாவதிக்கு அந்த லென்ஸைப் பிடுங்கிக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது. களத்துக்கு அப்பால் பச்சைப் புடவை மெல்லத் திரும்பி நடந்தது.

கார்த்திகையில் ராஜம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் நீலாவதிக்குத் தெரியும். பாத்திரத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டாள். அணைத்த கற்பூரம் ஞாபகம் வந்தது. உள்ளே போனால் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. காய்ச்சலில் தன் நெற்றிக்கு ஈரத்துணி போட்ட அக்கா உள்ளே படுத்திருக்க, இவள் கஞ்சியோடு பஸ் ஏறித் திரும்பி வந்தாள். அன்று முழுவதும் அவள் பாண்டுரங்கனுக்குச் சோறு போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, மோட்டார் ரூம் பக்கம் அவள் வாளியோடு போனதைப் பார்த்துப் பாண்டுரங்கன் ஓடி வந்தார். "அந்தச் செவுத்துல ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டுது, அப்பறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்." இப்போது மட்டும் என்னவாக இருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

வைகாசியில் கோடுகள் மறுபடி நெருங்கி வந்தன. முன்னைவிட நெருக்கம். மறுபடி டார்ச், மறுபடி லென்ஸ். இந்தத் தடவை நீலம் மயிரிழை முந்தியது. பாண்டுரங்கன் மீசையைத் தடவிக்கொண்டார்.

நீலாவதி பொறுக்க மாட்டாமல் பஜாருக்குப் போனாள். சொக்கலிங்கம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ஒரு மாசம் ரெண்டு மாசத்துல சேரும்னு சொன்னீங்களே. வருஷம் தாண்டிப் போச்சு."

"நானும் அதாம்மா பாக்கறேன்" என்றார் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அளவுன்னு ஒண்ணு இருந்தா எங்கியாவது ஒத்துப் போவாதான்னுதான் சொன்னேன். ஏதோ வாயில வந்துச்சு."

வாயில் வந்ததாம்! இவர் வாயில் வந்த சொல்லுக்கு ஒருத்தி அக்கா முகத்தைப் பார்க்காமல் கிடக்கிறாள். கால் கிலோ பருப்பு வாங்கத்தான் வந்ததுபோல அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மகள் வித்யாஸ்ரீ காலேஜில் கணக்குப் படிக்கிறாள். மார்கழிக் கடைசியில் லீவுக்கு வந்தவளிடம் நீலாவதி விஷயத்தைக் கொட்டினாள். மகள் போனை எடுத்து ரெண்டு நிமிஷம் தட்டினாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"எம்மா, இது சேரவே சேராதும்மா. சதுரத்தோட ஓரமும் குறுக்கும் என்னிக்குமே ஒத்துப்போவாது. நூறு வருஷம் கோடு போட்டாலும் கிட்ட கிட்ட வரும், ஒட்டாது. ஒரே நாள் ரெண்டு பேருக்கும் வராது. ரெண்டு பேருக்கும் இல்லாத நாளும் வராது. எவ்ளோ அழகு பாரும்மா!"

"அழகாம் அழகு" என்று வெடித்தாள் நீலாவதி. "உன் பெரிம்மா வயித்த அறுத்துகினு படுத்திருந்தா. நான் ஒரு வாய் கஞ்சி குடுக்கல. அதுல இன்னாடி அழகு?"

வித்யாஸ்ரீயின் முகம் சுண்டிப்போனது. நீலாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக வராத பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அந்த பஸ்ஸே கிடையாது என்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கற்பூரத்தை ஏற்றியவருக்கும் தெரியாது. சொல்லப் போனால் இதைக் கேட்டு அந்த ரெண்டு மனுஷர்களும் சந்தோஷம்தான் படுவார்கள்.

"எங்கியுமே சேராதா?" என்று மறுபடி கேட்டாள்.

"எங்கியும் சேராது. ஆணிகிட்ட ஆரம்பிச்சாங்க இல்ல? அங்க மட்டுந்தான் ஒண்ணா இருக்கும். அது ஆரம்பம், அத வுட்டுடு."

நீலாவதி விடவில்லை. அன்று ராத்திரி அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

போகிக்கு முதல் நாள், பாண்டுரங்கன் மாட்டுக்குப் புதுக் கயிறு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். நீலாவதி சுண்ணாம்பைக் கரைத்து, வாளியும் மட்டையுமாக மோட்டார் ரூமுக்குப் போனாள். ஆணியிலிருந்து ஆரம்பித்து நாலு பக்கமும் சுற்றி வந்தாள். சிவப்பு போயிற்று, நீலம் போயிற்று. காய்வதற்குள் இன்னொரு பூச்சும் கொடுத்தாள். அந்த ரூம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு ஆடிய ஆட்டத்தை எழுதினால் மரியாதையாக இருக்காது. "பொங்கலுக்கு வெள்ளையடிக்காத செவுரு ஊர்ல உண்டா?" என்று மட்டும் அவள் சொன்னாள். செல்லப்பன் கரீமின் லென்ஸோடு ஓடி வந்தார். போனில் போட்டோ இருப்பதாகப் பாண்டுரங்கன் காட்டினார். போட்டோவில் கோடு தெரிந்தது, ஆனால் அதை வைத்து மயிரிழையை அளக்க முடியாது. செல்லப்பன் நம்பவும் தயாராக இல்லை. மறுபடி சொக்கலிங்கம் மொபெட்டில் வந்தார்.

"வேற வழி இல்ல" என்றார். "மொதல்லேர்ந்து ஆரம்பிங்க."

இந்தத் தடவை செல்லப்பன் பெண்டாட்டியோடு வந்திருந்தார். சுண்ணாம்பு விஷயத்தில் தன் வீட்டுப் பொம்பளைக்கும் பங்கு உண்டோ என்று நேருக்கு நேர் விசாரிக்க வேண்டுமாம். ராஜம்மாள் கிணற்று மேட்டில் தள்ளி நின்றாள். இவளைப் பார்த்தாள், பேசவில்லை.

சொக்கலிங்கம் ஆணிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். பாண்டுரங்கன் குட்டைக் குச்சியின் நுனியை அதில் வைத்தார். செல்லப்பன் நெட்டைக் குச்சியின் நுனியை அதே இடத்தில் வைத்தார்.

"அப்படியே நில்லுங்க" என்றாள் நீலாவதி. "மொதலாளி, இப்போ ரெண்டு பேர் கோடும் எங்க இருக்குது?"

"இங்கதாம்மா இருக்குது."

"ஒண்ணா இருக்குதா, தனித்தனியா இருக்குதா?"

பாண்டுரங்கனுக்குப் புரிந்துவிட்டது. "ஏய், அது சேர்றது இல்லடி. ஆரம்பம்."

"ஆரம்பமோ எதுவோ. மாமா கையில லென்ஸ் இருக்குது இல்ல? போட்டுப் பாக்கச் சொல்லுங்க. நடுவுல எடம் இருக்குதா?"

செல்லப்பன் பழக்கதோஷத்தில் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தேவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"எடம் இல்ல" என்றார்.

"அப்போ சத்தியம் தீந்துது" என்றாள் நீலாவதி. ராஜம்மாள் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி வந்து தங்கையின் தாடையைப் பிடித்தாள்.

"இன்னாடி இப்படி எளச்சிட்ட?"

"நீதாங்க்கா எளச்சிப் போயிட்ட. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேங்க்கா. வாசல் வரைக்கும் வந்தேன்."

"தெரியும்டி. ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

சொன்ன சொல் சொன்னதுதானே, சொக்கலிங்கம் அண்ணன் தம்பியை உட்கார்த்திப் பேச வைத்தார். பொழுது சாயும்வரை பேசினார்கள். பன்னெண்டு நாள் கணக்கே போதும் என்றார் அண்ணன். வருஷத்துக்கு ஒரு நாளை யார் தருவது என்றார் தம்பி. ராஜகிரி நிழல் களத்தைத் தாண்டி வந்தபோது ரெண்டு பேரும் எழுந்து, அதே குச்சிகளை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார்கள். அக்கா தங்கை அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது.

முதல் கோடுகளைப் போட்டு முடித்த செல்லப்பன் இடுப்பிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். "இந்தத் தடவையும் நாள மாத்திக்கிட்டீங்கன்னா? வாங்க ரெண்டு பேரும். கோடு மறுபடி சேர்ற வரைக்கும் பேச்சு கெடையாது."

நீலாவதிக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஜென்மங்களுக்குப் புத்தி வரவே வராதா? வாயைத் திறக்கப் போனவள் கையை ராஜம்மாள் அழுத்தினாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து காதோடு கேட்டாள்.

"சுண்ணாம்பு மிச்சம் இருக்குதா?"

"அரை வாளி இருக்குதுக்கா."

ராஜம்மாள் கற்பூரத்தை ஒரே தட்டாகத் தட்டி அணைத்தாள்.